யானைக்கால் வந்த எழுத்து

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது தளவாய்புரம். நைட்டி தைக்கிற ஊர். காலைக் காபியில் தொடங்கி மத்தியானம் ரேஷன் கடை க்யூ வரைக்கும் தமிழ்நாடே போட்டுக்கொண்டு திரிகிறதே, அந்த ராத்திரி உடையேதான். துணியில் மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று பல சைஸ் உண்டு. கடை போர்டில் எழுதுகிற எழுத்துக்கு மட்டும் ஒரே சைஸ். டபுள் எக்ஸ்எல்.

தளவாய்புரத்தை மட்டும் சொல்வானேன்? பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போங்கள். பதினோரு நிலை ராஜகோபுரம் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் பஸ் திரும்பும்போது உங்கள் கண்ணில் முதலில் படுவது என்ன? சத்தியமாகச் சொல்லுங்கள். 'பால்கோவா'.

ஏன் இவ்வளவு பெரிசாக எழுதுகிறீர்கள் என்று எந்தக் கடைக்காரரையாவது கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "எதிர்க்கடைக்காரன் எழுதியிருக்கானே, பார்க்கலியா?" என்பார். இந்த ஒரே பதிலுக்கு இருநூறு வருஷத்து வரலாறு இருக்கிறது. அதில் நெப்போலியன் வருகிறார், லாட்டரி அடித்த ஒரு லண்டன்காரர் வருகிறார், பாலாடைக்கட்டி டப்பாகூட வருகிறது.

கதாநாயகனை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். பெயர், ஸ்லாப் செரிஃப். இங்கிலீஷ் எழுத்தின் நுனிகளில் சின்னதாகக் கால் வைத்திருப்பார்களே, அதற்கு செரிஃப் என்று பெயர். சாதாரணப் புத்தக எழுத்தில் அந்தக் கால் ஒல்லியாக, பரதநாட்டியக்காரி மாதிரி நுனிவிரலில் நிற்கும். ஸ்லாப் செரிஃபில் அது கட்டையாக, சதுரமாக, கல் பலகை வைத்ததுபோல் இருக்கும். நம்பாவிட்டால் தெருவில் நிற்கிற ஹோண்டா வண்டியைப் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சோனி டிவியின் நெற்றியைப் பாருங்கள். இரண்டுமே கட்டைக்கால் ஆசாமிகள்தான்.

டிசைன் படித்த பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டால் 'கம்பீரம்', 'நம்பிக்கை', 'கிளாசிக்' என்று ஆரம்பிப்பார்கள். வாயைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். சிரித்துவிட்டால் அவர்கள் மனசு கஷ்டப்படும்.

ஏனென்றால் இந்த எழுத்துக்கு லண்டனில் வைத்த பெயர் 'எகிப்தியன்'. எகிப்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கோபி மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் என்ன சம்பந்தமோ, அதேதான்.

நடந்தது இது. 1798-இல் நெப்போலியன் எகிப்தின் மேல் படையெடுத்தார். வயது 28. துப்பாக்கி, பீரங்கி எடுத்துக்கொண்டு எல்லாரும்தான் போருக்குப் போவார்கள். இவர் கூடவே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்களையும் கப்பலில் ஏற்றினார். கணித மேதை, தாவரவியல் நிபுணர், ஓவியர், இன்ஜினியர் எல்லாரும் உண்டு. திரும்பி வர வழி கண்டுபிடிக்கிற ஆளை மட்டும் மறந்துவிட்டார்.

ஏனென்றால் அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் நெல்சன் வந்து பிரெஞ்சுக் கப்பற்படையை நொறுக்கிவிட்டார். நெப்போலியன் அசரவில்லை. எகிப்தைப் பிடித்து, அப்படியே இந்தியாவுக்கு நடந்து வந்து, திப்பு சுல்தானோடு கை கோத்து இங்கிலீஷ்காரனை விரட்டுவதாகத் திட்டம். கெய்ரோவிலிருந்து திப்புவுக்குக் கடிதமே எழுதினார். கடிதம் யாரை விரட்ட எழுதப்பட்டதோ, அவர்கள் கையிலேயே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

1799 ஆகஸ்ட்டில் மாவீரர் சத்தம் போடாமல் கப்பலேறி பிரான்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "இனி நீங்கள்தான் தளபதி" என்கிற விஷயம் கிளேபர் என்ற ஜெனரலுக்குக் கடிதம் மூலம்தான் தெரிந்தது. அதற்குள் தலைவர் நடுக்கடலில். இன்றைக்கென்றால், அட்மின் பதவியைத் தூக்கி இவர் தலையில் போட்டுவிட்டு க்ரூப்பிலிருந்து வெளியேறுவது என்று சொல்வோம்.

போரில் தோற்றாலும் ஃபேஷனில் எகிப்து ஜெயித்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த ரொசெட்டா கல்லை இங்கிலீஷ்காரர் பிடுங்கிக்கொண்டு போய் 1802-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்தார்கள். லண்டனுக்கு எகிப்துப் பைத்தியம் பிடித்தது. 1812-இல் வில்லியம் புல்லக் என்பவர் பிக்காடிலியில் எகிப்தியக் கோயில் பாணி முகப்போடு 'எகிப்தியன் ஹால்' கட்டினார். 1816-இல் அங்கே காட்சிக்கு வைத்து ஜனத்தை முண்டியடிக்க வைத்தது எந்த பாரோவின் மம்மியை? அதுதான் இல்லை. வாட்டர்லூவில் பிடிபட்ட நெப்போலியனின் குதிரை வண்டியை!

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் கடை போர்டுகள் 'எகிப்திய எழுத்து'க்கு மாறின. அதைப் பார்த்து வயிறெரிந்தவர் ராபர்ட் சவுதி என்ற கவிஞர். 1807-இல் ஒரு ஸ்பானிய யாத்ரிகர் எழுதியதுபோல் புனைபெயரில் புத்தகம் போட்டு, லண்டனைக் கிழித்துத் தொங்கவிட்டார். இந்த எழுத்தில் மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே பருமனாகிவிட்டன, மெலிந்திருக்க வேண்டிய பாகமெல்லாம் யானைக்கால் வந்ததுபோல் இருக்கிறது என்பது அவருடைய டயக்னோஸிஸ்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சவுதி பார்த்த அந்த போர்டு எழுத்துக்குக் காலே கிடையாது. செரிஃப் இல்லாத மொட்டை எழுத்து. காலே இல்லாத எழுத்துக்கு யானைக்கால் என்று சொன்ன ஒரே மருத்துவர் அவராகத்தான் இருப்பார்.

குழப்பம் அத்தோடு விடவில்லை. 1816-இல் கேஸ்லான் கம்பெனி, செரிஃப் இல்லாத ஓர் எழுத்தை அச்சுக்கு வார்த்து அதற்கு 'எகிப்தியன்' என்று பெயர் வைத்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பவர் கட்டைக்கால் எழுத்தை வார்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆன்டீக்', அதாவது தொன்மையானது. நேற்றுப் பிறந்த குழந்தைக்குத் தாத்தா என்று பெயர் வைத்த மாதிரி. போதாததற்கு, அது வெளியான மாதிரிப் புத்தகம் 1815-ஐச் சேர்ந்ததா 1817-ஐச் சேர்ந்ததா என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். எழுத்து அவ்வளவு பெரிசு, தேதி மட்டும் சரியாகத் தெரியவில்லை!

நெப்போலியன் படை பாலைவனத்தில் தொலைநோக்கி வழியாகச் செய்தி படிப்பதற்காகத்தான் இந்தத் தடித்த எழுத்தைக் கண்டுபிடித்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க ஜோராக இருக்கும். ஆதாரம் என்று கேட்டால்தான் கதை சொன்னவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்.

உண்மையான காரணம் ராணுவமல்ல, ராவடி. அதுவரை அச்செழுத்து என்றால் புத்தகத்துக்கு. நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, அமைதியாகப் படிப்பதற்கு. லண்டனில் வியாபாரம் பெருத்தபோது எழுத்துக்கு இன்னொரு வேலை வந்தது: தெருவில் அவசரமாகப் போகிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்துவது. இந்த வேலைக்கு முதலில் மனு போட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? லாட்டரிக்காரர்கள்.

அன்றைக்கு பிரிட்டிஷ் அரசாங்கமே லாட்டரி நடத்தியது. பிஷ் என்ற காண்ட்ராக்டர் அச்சடித்து இறைத்த துண்டு நோட்டீஸ்கள் பிரசித்தம். ஒரு சீட்டுக்காரர் எழுத்தைக் கொஞ்சம் தடியாக்குவார். அடுத்தவர் அதைவிடத் தடியாக்குவார். மூன்றாமவர் வந்து, எழுத்துக்குள் வெள்ளையே இல்லாத அளவுக்குக் கறுப்பாக்குவார். கடைசியில் படிக்க முடிந்தது தொகை மட்டும்தான். லாட்டரிக்காரர்களுக்கு அதுவே போதும்.

இந்தத் தடியெழுத்துக் கலையில் பெரிய கை ராபர்ட் தோர்ன். லண்டன் ஃபேன் தெருவில் எழுத்து வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். அவர்தான் கட்டைக்கால் எழுத்தை 'எகிப்தியன்' என்ற பெயருக்குக் கீழே கொண்டுவந்தவர். ஆனால் அது வெளியாவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1820-இல் கண்ணை மூடினார். பட்டறை ஏலத்துக்கு வந்தது.

ஏலத்தில் எடுத்தவர் வில்லியம் தோரோகுட். எழுத்து வார்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர் போலும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தொழிலுக்கும் அவருக்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது. பின்னே பணம்? லாட்டரி அடித்தது! எந்த லாட்டரிக்காக எழுத்து தடித்ததோ, அந்த லாட்டரியே பட்டறையையும் வாங்கிக் கொடுத்துவிட்டது. இப்படி ஒரு திருப்பத்தை சீரியல் டைரக்டர் வைத்தால் நாம் டிவியை அணைத்துவிடுவோம்.

அடுத்த வருஷமே தோர்னின் எகிப்திய எழுத்தைத் தன் மாதிரிப் புத்தகத்தில் போட்டு விற்க ஆரம்பித்தார் தோரோகுட். அதோடு நின்றாரா? சீக்கிரமே 'மாட்சிமை தங்கிய மன்னரின் எழுத்து வார்ப்பாளர்' என்ற பட்டமும் வாங்கிவிட்டார். சீட்டு வாங்கத் தெரிந்த கைக்குப் பட்டம் வாங்கத் தெரியாதா?

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? தாமஸ் ஹான்சார்ட் என்ற அச்சுக்கலை மேதை 1825-இல் தன் புத்தகத்தில் இந்தக் கோரங்களைப் பிடித்துத் திட்டினார். கலை அழிந்தது, ரசனை செத்தது என்று புலம்பினார். திட்டுவதற்கு உதாரணம் காட்ட வேண்டுமே. அந்தக் கோர எழுத்துகளையே பெரிசாக அச்சடித்துக் காட்டினார். ஓசி விளம்பரம்.

1826-இல் அரசாங்க லாட்டரியை ஒழித்துவிட்டார்கள். லாட்டரி போனது, அது பெற்றுப் போட்ட எழுத்து போகவில்லை. நம்மூரிலும் 1968-இல் அரசே பரிசுச்சீட்டு தொடங்கி, 2003-இல் மொத்தமாகத் தடை போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் 'குலுக்கல் இன்று' என்று கொட்டை எழுத்தில் தொங்கிய தட்டிகள் மறைந்தன. அந்தக் கொட்டை எழுத்து இடம் மாறி தள்ளுபடி விற்பனைக்குப் போய்விட்டது. வாக்குறுதி அதேதான்.

இதற்குள் அமெரிக்காவில் வேறொரு தலைவலி. எழுத்தைப் பெரிசாக்க ஆசை, ஆனால் ஈய எழுத்து கனம். ஒரு சாண் உயர எழுத்தை வார்த்தால் ஆறும்போது சீராக ஆறாது, தூக்கினால் முதுகு பிடிக்கும், விலை கேட்டால் நெஞ்சு பிடிக்கும். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்ற அச்சுக்காரர், மரத்திலேயே எழுத்தைக் கடைந்தெடுக்க ஒரு மெஷின் செய்தார். அடுத்த வருஷம் கேட்டலாக் போட்டார். எழுத்து இனி எவ்வளவு பெரிசாகவும் ஆகலாம். எதற்கு? சர்க்கஸ் வந்திருக்கிறது, குதிரை காணோம், திருடனைப் பிடித்தால் பரிசு. மனிதகுலத்தின் அவசரச் செய்திகள்!

வெஸ்டர்ன் படங்களில் மதுக்கடைச் சுவரில் ஒட்டியிருக்குமே, 'தேடப்படுகிறார்' போஸ்டர்? அந்தக் கட்டைக்கால் எழுத்துதான். எகிப்து என்று பெயர் வைத்து, லண்டனில் பிறந்து, கடைசியில் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டது. ஆதார் கார்டு இல்லாத காலத்தில் இதெல்லாம் சுலபம்.

மறுபடி லண்டன். அதே ஃபேன் தெருப் பட்டறை. தோரோகுட்டின் பார்ட்னர் ராபர்ட் பெஸ்லி. கொஞ்சம் நாசூக்கான மனிதர். 1845-இல் கட்டைக்காலை இழைத்து, ஓரத்தில் ஒரு வளைவு கொடுத்து, 'கிளாரெண்டன்' என்று மேட்டுக்குடிப் பெயர் வைத்தார். அகராதியில் தலைச்சொல் மட்டும் தடியாகத் தெரிகிறதே, அந்த மாதிரி வேலைக்கு அம்சமாகப் பொருந்தியது. தெருவில் கத்திக்கொண்டிருந்த பிள்ளை டை கட்டிக்கொண்டு லைப்ரரிக்கே வந்துவிட்டான்.

யாரும் காப்பியடிக்கக் கூடாது என்று பெஸ்லி அதைச் சட்டப்படி பதிவும் செய்தார். சட்டம் கொடுத்த பாதுகாப்பு மூன்றே வருஷம். கெடு முடிந்ததுதான் தாமதம், ஊரில் உள்ள பட்டறையெல்லாம் கிளாரெண்டன் வார்க்க ஆரம்பித்தது. பெஸ்லிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு மனிதர் எழுத்தையே விட்டுவிட்டு அரசியல் பக்கம் ஒதுங்கி, 1869-இல் லண்டனின் லார்ட் மேயராகவே ஆகிவிட்டார். அந்தப் பதவிக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். மனிதருக்கு ராசி அப்படி.

இருபதாம் நூற்றாண்டில் நம் கதாநாயகன் குமாஸ்தா வேலைக்குப் போனான். 1955 வாக்கில் ஐபிஎம் டைப்ரைட்டருக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த 'கூரியர்' எழுத்தும் கட்டைக்கால் ஜாதிதான், என்ன, சாப்பாடு கம்மி. அமெரிக்க வெளியுறவுத் துறை பல காலம் உலகத்தை மிரட்டிக் கடிதம் எழுதியது இதில்தான். 2004-இல் அதைக் கைவிட்டு டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாறியது. ஹாலிவுட் மட்டும் விடவில்லை. திரைக்கதை என்றால் இன்றைக்கும் கூரியர், 12 பாயிண்ட். ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்று கணக்கு. நம்மூரில் கதை காரில் போகும்போது உருவாகிறது, அதனால் ஃபான்ட் பிரச்சினை கிடையாது.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ். இங்கிலீஷ் எழுத்து ஒல்லியாகப் பிறந்து குண்டானது. தமிழ் அச்செழுத்தில் ஒன்று குண்டாக வந்திறங்கி, வந்த இடத்தில் இளைத்தது.

தரங்கம்பாடியில் சீகன்பால்க் பாதிரியார் பைபிளைத் தமிழில் அச்சடிக்கத் துடித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழைக் கண்ணால் கண்டிராத கைவினைஞர்கள், இங்கிருந்து போன மாதிரியைப் பார்த்து எழுத்து வெட்டி, வார்த்து அனுப்பினார்கள். 1713-இல் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய். அதில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் கையில் இருக்கிற காகிதம் சிலுவைப் பாடுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும்.

என்ன செய்ய? சின்ன எழுத்தாக உள்ளூரிலேயே வார்ப்பது என்று முடிவானது. ஈயத்துக்கு எங்கே போவது? லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் (எஸ்.பி.சி.கே.) பாதிரிமார் சாப்பிட செஷயர் பாலாடைக்கட்டி அனுப்பியிருந்தது. கட்டி வயிற்றுக்குப் போனது. டப்பாவின் ஈயம் உலைக்குப் போனது, 'க'வாக, 'ச'வாக, 'ஞ'வாகத் திரும்பி வந்தது. உலக வரலாற்றில் பாலாடைக்கட்டி யாரையாவது இளைக்க வைத்திருக்கிறது என்றால், அது தமிழ் எழுத்தை மட்டும்தான்.

அப்படி இளைத்த எழுத்தை மறுபடி ஊட்டி வளர்த்த பெருமை நம்முடையது. 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் 'தந்தி'யை ஆரம்பித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் பேப்பர் படிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தலைப்பு கொட்டை எழுத்தில் வந்தது. டீக்கடை வாசலில் தொங்குகிற வால்போஸ்டரோ அதற்கும் அண்ணன். ரோட்டின் அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் செய்தி தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவர் எதற்குப் பேப்பர் வாங்குவார் என்று கேட்காதீர்கள். அவர் டீ வாங்கினார்.

இன்னொரு பக்கம், ராஜபாளையத்துக்கு அந்தண்டை சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தது 1920-களில். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சாபீஸ் வேண்டும். அச்சாபீஸ் வந்ததும் காலண்டர் வந்தது. தினசரி காலண்டரில் தாள் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு தேதி நிற்குமே! பாதிக் காலண்டரில் அது நம் கட்டைக்கால் எண்தான். ராகுகாலமும் எமகண்டமும் ஓரத்தில் எறும்பு மாதிரி. எதைப் பார்க்கத் தாளைக் கிழிக்கிறோமோ, அதற்குத்தான் பூதக்கண்ணாடி.

தமிழ் எழுத்தில் ஒரு சங்கடம். ஓலையில் எழுத்தாணி ஓடி ஓடி உருண்டை பிடித்த எழுத்து. 'ழ'வுக்கும் 'ஞ'வுக்கும் கட்டைக்கால் வைக்க இடம் எங்கே? நம் ஆர்ட்டிஸ்ட்கள் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. கால் வைக்க முடியாவிட்டால் நிழல் வைப்போம் என்று கிளம்பினார்கள். சிவப்பு எழுத்து, மஞ்சள் அவுட்லைன், கறுப்பு ஷேடோ. எழுத்து சுவரை விட்டு நாலு விரல்கடை வெளியே வந்து நிற்கும். அதிலும் தேர்தல் நேரத்தில் ஒரு அதிசயம் உண்டு: 'இந்தச் சுவர் முன்பதிவு செய்யப்பட்டது' என்று சுவர் முழுக்க எழுதுவார்கள். பிறகு எழுத எங்கே இடம்?

ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தக் கைத்தொழிலும் போனது. இப்போது தடித்த எழுத்துக்கு பிரஷ் வேண்டாம், மவுஸை இழுத்தால் போதும். கல்யாண பேனரைக் கவனித்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெயர் ஒரு சைஸ், பெண் பெயர் அதே சைஸ். வாழ்த்துகிற நண்பர்கள் குழுவின் பெயர் இரண்டையும் சேர்த்த சைஸ், அதுவும் த்ரீடியில். தாலி கட்டுகிறவன் யார் என்று முகூர்த்தத்தில் தெரிந்துகொள்ளலாம், அவசரமில்லை.

ஆக, லண்டன் லாட்டரி நோட்டீஸிலிருந்து ராஜபாளையம் ஃப்ளெக்ஸ் வரைக்கும் சட்டம் ஒன்றுதான்: எழுத்து தடிக்கத் தடிக்கச் செய்தி இளைக்கும். பெரிசாகச் சொல்ல விஷயம் இருப்பவன் சின்ன எழுத்தில் சொன்னாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படிப்பார்கள். கடன் பத்திரத்தைப் பாருங்கள். அதில் முக்கியமானது எல்லாமே பொடி எழுத்தில்தான்.

ஆனாலும் எனக்கு இந்தக் கட்டைக்காலன் மேல் பிரியம் உண்டு. மற்ற எழுத்தெல்லாம் ஞானம், பக்தி, இலக்கியம் என்று பாவனை பண்ணும். இவன் ஒருவன்தான், "நான் வியாபாரத்துக்காகப் பிறந்தவன், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள் அண்ணாச்சி" என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறவன்.

எனவே அடுத்த தடவை லோகோ செய்யக் கொடுக்கும்போது டிசைனர் தம்பி, "சார், இது ஹெரிட்டேஜ் ஃபான்ட், எகிப்தியன் ஃபேமிலி, வெரி ராயல்" என்று பில்லை நீட்டினால் பதறாதீர்கள். "தம்பி, இதை விற்றவரே லாட்டரிச் சீட்டில்தான் ராயல் ஆனார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். குறைப்பார். அப்படியும் குறைக்காவிட்டால், உங்கள் கடைப் பெயரின் எழுத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார். அது உங்களால் முடியாது என்று அவருக்குத் தெரியும்.